டெஸ்க்டாப்: பிராண்டட் வாங்குவதா, அசெம்பிள் செய்வதா?

#1 வெண்பா64

வணக்கம். வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு டெஸ்க்டாப் வேண்டும். முக்கிய வேலை டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ. கேமரா ஃபைல்கள் 4கே, ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2 (நிறத் தகவல் வழக்கத்தைவிட அதிகமாக உள்ள வகை). கேம் எப்போதாவதுதான். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இருக்கின்றன. குறைந்தது ஆறு வருடம் ஓட வேண்டும்.

பார்த்து வைத்திருக்கும் பிராண்டட் மாடல்: கோர் ஐ5-14400எஃப், 16 ஜிபி டிடிஆர்5, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 4060, விண்டோஸ் 11, ஒரு வருட வாரண்டி. இதே பாகங்களைத் தனித்தனியாகக் கூட்டினாலும் ஏறக்குறைய அதே தொகைதான் வருகிறது. அப்புறம் அசெம்பிள் செய்து என்ன லாபம்?

#2 எட்டுபின்

தொகை ஒன்று என்பதால் பொருளும் ஒன்று ஆகிவிடாது நண்பரே. நீங்கள் எழுதிய நாலு பெயர்தான் எல்லா விளம்பரத்திலும் வரும்: பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு. மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினட் மூன்றையும் பற்றி ஒரு வரி இருக்கிறதா? அங்கேதான் கை வைப்பார்கள்.

முதலில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் இணையத்தில் போட்டிருக்கும். அதில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயரைப் பாருங்கள். வழக்கமான 24 பின் இருந்தால் நல்லது. 6, 8 அல்லது 10 பின்தான் என்றால் போர்டு 12 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் தானே தயாரிக்கிறது என்று அர்த்தம். நாலாவது வருடம் எஸ்எம்பிஎஸ் போனால் கடையில் கிடைக்கும் எதுவும் நேராகப் பொருந்தாது. போர்டு போனால் இன்னும் மோசம். திருகு ஓட்டைகள் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவில் இருக்காது, பவர் பட்டன் ஒயர் வேறு மாதிரி இருக்கும், போர்டோடு கேபினட்டும் சேர்ந்து போகும்.

அடுத்தது பவர் லிமிட். 14400-இன் அடிப்படை 65 வாட், டர்போவில் 148 வாட் வரை போகும். விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி) மேல் ஹீட்சிங்க் இல்லாத போர்டும், உள்ளங்கை அகலக் கூலரும் போட்ட மெஷினில் அந்த டர்போ கொஞ்ச நேரத்துக்குத்தான், வழக்கமாக 28 நொடி. பிறகு 65 வாட்டுக்கு இறங்கிவிடும். ஒரு நிமிட பெஞ்ச்மார்க்கில் இது தெரியாது. முக்கால் மணி நேர ரெண்டரில் நன்றாகவே தெரியும்.

16 ஜிபி ரேம் ஒரே குச்சியா, 8+8-ஆ என்றும் கேளுங்கள். ஒரே குச்சி என்றால் மெமரி பேண்ட்வித் பாதி. சிபியு-இசட் என்ற மென்பொருளில் "2 x 32 பிட்" என்று காட்டுவதைப் பார்த்து டூயல் சேனல் என்று நினைப்பவர்கள் உண்டு. டிடிஆர்5-இல் ஒரு குச்சிக்கே அப்படித்தான் காட்டும். இரண்டு இருந்தால் "4 x 32 பிட்".

#3 நீலத்திரை

எட்டுபின் சொன்னது எல்லாம் சரி, ஆனா அதுக்கு முன்னாடியே இந்த மாடல் அடிபட்டுப் போகுது. 4:2:2 10 பிட் ஹெச்.265-ன்னு எழுதியிருக்கீங்க. அதை ஹார்டுவேர்ல டீகோட் பண்ற (சுருக்கின வீடியோவைப் பிரிக்கிற) வசதி 4060-ல கிடையாது. என்விடியா அதைக் கொடுத்ததே ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில இருந்துதான். இன்டெல் பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ்ல, குவிக் சிங்க்னு சொல்வாங்களே, அதுல 12-ஆம் தலைமுறையில எல்லாம் இருக்கு. ஆனா பேருக்குப் பின்னாடி "எஃப்" இருந்தா அந்த கிராபிக்ஸே அணைச்சு வெச்சது.

அதாவது உங்க கேமரா ஃபைலைத் திறக்க அந்த மெஷின்ல யாருமே இல்லை. டைம்லைன்ல இழுக்கிற ஒவ்வொரு ஃபிரேமும் பிராசஸர் கோர் தலையில விழும். காசு கொடுத்து வாங்கிட்டு பிராக்ஸி (எடிட்டிங்குக்கான சின்ன நகல்) போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.

எஃப் இல்லாத 14400 எடுத்தா யுஹெச்டி 730, வீடியோ இன்ஜின் ஒண்ணு. 14500 எடுத்தா யுஹெச்டி 770, இன்ஜின் ரெண்டு. இ-கோரும், அதாவது குறைஞ்ச மின்சாரத்துல ஓடற சின்ன கோர், நாலுக்குப் பதிலா எட்டு. எடிட்டிங்குக்கு அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கொடுத்துடலாம். பிராண்டட்ல இந்த மாதிரி ஒரே ஒரு எழுத்தை மாத்திக் கேட்டா பெரும்பாலும் "அந்த மாடல் இல்லை"ன்னுதான் பதில் வரும். அசெம்பிள் பண்றதோட லாபம் இதுதான், விலை இல்லை.

#4 திருகாணி

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். மறுபக்கத்துக்கு ஒருவர் வேண்டாமா?

தானே கோர்த்த மெஷினில் வாரண்டி ஏழு துண்டாகக் கிடக்கும். பெட்டி பிராசஸருக்கு மூன்று வருடம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஏழோ பத்தோ, எஸ்எஸ்டிக்கு ஐந்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை தானே ரீஸ்டார்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேமா, எஸ்எம்பிஎஸ்ஸா, போர்டா? அதைக் கண்டுபிடிக்க மாற்றிப் போட்டுப் பார்க்க இன்னொரு பாகம் கையில் வேண்டும். தவறான பாகத்தை அனுப்பினால் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று திரும்பி வரும், அந்தச் சில வாரமும் மெஷின் கிடையாது. பிராண்டடில் எந்தப் பாகம் என்று கண்டுபிடிப்பது அவர்கள் தலைவலி. வீட்டுக்கே வந்து பார்க்கும் சர்வீஸை மூன்று வருடத்துக்கு நீட்டிக் கேட்டால், அந்தத் தொகையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். டெட்லைன் உள்ள வேலைக்கு அது வீண் செலவே அல்ல.

ரேம் விலையையும் மறக்க வேண்டாம். 2025 கடைசியில் செயற்கை அறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் சில்லறை ரேம் விலை எகிறியது. மைக்ரான் தன் குருசியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. மொத்தமாக முன்பே வாங்கி வைத்திருக்கும் கம்பெனியின் முழு மெஷின், ரேமைத் தனியாக வாங்குவதைவிட லாபமாக அமையும் நேரங்கள் உண்டு. பழைய கணக்கை வைத்துப் பேசக் கூடாது, வாங்கும் வாரத்து விலையைக் கூட்டிப் பாருங்கள்.

வெறும் டைப்பிங், பிரவுசர், கணக்கு வழக்கு என்றால் நான் அசெம்பிள் பக்கமே போகச் சொல்ல மாட்டேன். அலுவலகங்கள் கழித்துவிடும் பிசினஸ் டெஸ்க்டாப் போதும். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே மட்டும் வாங்காதீர்கள், விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் வராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

#5 எட்டுபின்

திருகாணி அண்ணே, கண்டுபிடிக்கும் வேலை பற்றிச் சொன்னது நியாயம். அதற்கு நடுவழி ஒன்று உண்டு. பாகப் பட்டியலை நாமே எழுதி, எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே கோர்க்கச் சொல்வது. பிரச்சினை வந்தால் பாகம் எது என்று பார்ப்பது கடைக்காரர் பொறுப்பு. பில்லில் மட்டும் "கம்ப்யூட்டர் செட் 1" என்று எழுத விடாதீர்கள். ஒவ்வொரு பாகமும் முழு மாடல் பெயரோடும் சீரியல் நம்பரோடும் தனி வரியில் வேண்டும். கடை மூடிப்போனாலும் கம்பெனி வாரண்டியைக் கேட்க அதுதான் ஆதாரம். பெட்டிகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிரே பிராசஸர், அதாவது பெட்டியில்லாமல் வருவது, கொடுத்தால் வேண்டாம். அதற்கு வாரண்டி விற்றவரோடு முடிந்துவிடும்.

#6 வெண்பா64

எஃப் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி நீலத்திரை. நடுவழிதான் சரியாகப் படுகிறது, ஆனால் கோர்ப்பதை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். பட்டியல்:

கோர் ஐ5-14500
பி760 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்5, நாலு ஸ்லாட்
16 ஜிபி x 4, 6000 வேகம்
ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி
1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி
850 வாட் எஸ்எம்பிஎஸ், 80 பிளஸ் கோல்டு
கூலர்: பிராசஸரோடு வருவது

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் கெட்டுப்போகிறது என்று படித்தேன், அது பயமாக இருக்கிறது. ஏஎம்டி பக்கம் போகலாமா?

#7 நீலத்திரை

வரிசையா சொல்றேன்.

ரேம்: நாலு குச்சி வேண்டாம். டிடிஆர்5-ல நாலு ஸ்லாட்டையும் நிரப்பினா மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை ஏறி வேகம் இறங்கும். ரைசன் 7000-க்கு ஏஎம்டியே கொடுக்கிற கணக்கு, ரெண்டு குச்சின்னா 5200, நாலுன்னா 3600. இன்டெல்லும் இதே கதைதான். 32 x 2 வாங்குங்க, ஒரே பெட்டில வர்ற ஜோடியா. அப்புறம் இன்னொரு ஜோடி சேர்த்துக்கலாம்னு நினைக்காதீங்க, ஒரே மாடல் பேர்லயே உள்ள இருக்கிற சிப் மாறி வரும்.

எஸ்எம்பிஎஸ்: கார்டு 180 வாட், பிராசஸர் உச்சத்துல 154, மத்ததுக்கெல்லாம் 60 போடுங்க. 400-க்குப் பக்கம். 650 தாராளம். மிச்சப் பணத்தைத் தரத்துல போடுங்க. 80 பிளஸ் கோல்டுங்கிறது மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னு மட்டும்தான் சொல்லும். உள்ள இருக்கிற கபாசிட்டர் நல்லதா, பாதுகாப்பு சர்க்யூட் வேலை செய்யுமான்னு சொல்லாது. வாரண்டி வருஷத்தைப் பாருங்க, பிரிச்சு சோதிச்ச விமர்சனத்தைப் படிங்க. ஏடிஎக்ஸ் 3 தரம்னு போட்டிருந்தா கிராபிக்ஸ் கார்டு திடீர்னு இழுக்கிற சில மில்லிசெகண்ட் உச்சத்தைத் தாங்கும்.

எஸ்எஸ்டி: எடிட்டிங்குக்கு ரெண்டா வாங்குங்க. ஒண்ணு விண்டோஸுக்கும் கேஷுக்கும், இன்னொண்ணு ஃபுட்டேஜுக்கு. போர்டு மேனுவல்ல எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி சொருகுற இடம்) பக்கத்துல இருக்கிற சின்ன எழுத்தைப் படிங்க. சில போர்டுல ரெண்டாவது எம்.2-வைப் போட்டா ஒரு சாட்டா போர்ட் (ஹார்டு டிஸ்க் சொருகுறது) செத்துடும்.

இன்டெல் பிரச்சினை: பிராசஸர் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு மெல்லத் தேஞ்சது. அதைச் சரிசெய்ய 2024 ஆகஸ்ட்ல 0x129 மைக்ரோகோட் (பிராசஸரோட உள் நிரல்), அப்புறம் 0x12பி வந்துச்சு. வாரண்டியை ரெண்டு வருஷம் கூட்டின பட்டியல்ல ஐ9, ஐ7, அப்புறம் 13600கே, 14600கே மாதிரி பெரிய ஐ5 தான். 14500 அதுல இல்லை. எதுவானாலும் முதல் வேலை பயாஸ் (போர்டை எழுப்புற மென்பொருள்) அப்டேட்.

ஏஎம்டியா? நீங்க எடுக்கிறது 5060 டிஐ, 4:2:2-வை அந்தக் கார்டே டீகோட் பண்ணும். அதனால ரைசனும் ஓடும். ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட்ல பின்னாடி பிராசஸரை மட்டும் மாத்திக்கலாம். 14500 உட்கார்ற எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு 14-ஆம் தலைமுறையோட கதை முடிஞ்சாச்சு. ஆறு வருஷத்துல நடுவுல மாத்துற ஆள்னா ஏஎம்5, வாங்கினதை அப்படியே ஓட்டுற ஆள்னா 14500.

#8 திருகாணி

நீலத்திரையின் கணக்குப்படி கார்டே டீகோட் செய்துவிடும் என்றால், 14500எஃப் மாதிரி ஒன்று இருந்தால் அதையே எடுக்கலாமே? உள் கிராபிக்ஸ் எதற்கு?

#9 நீலத்திரை

அண்ணே, கார்டு செத்த அன்னைக்குத் தெரியும் எதுக்குன்னு. கேபிளைப் பிடுங்கி போர்டுல சொருகினா டிஸ்பிளே வந்துடும், கார்டுதான் காரணம்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. நீங்க #4-ல கேட்ட "மாத்திப் போட்டுப் பார்க்க இன்னொரு பாகம்" இதுதான்.

#10 கரிச்சான்

கோர்ப்பதை நீங்களே செய்வதாக இருந்தால், தடுமாறும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

பாதியைக் கேபினட்டுக்கு வெளியே முடியுங்கள். போர்டுப் பெட்டியின் மேலேயே போர்டை வைத்து பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, கூலர் நான்கையும் மாட்டுங்கள். எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பின்கள் போர்டில் இருக்கின்றன, தலைமுடி மாதிரி. பிராசஸரை இறக்கும்போது பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது. ஓரத்துப் பள்ளங்கள் பொருந்தினால் தானே உட்காரும். லீவரை அழுத்தும்போது நறநறவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் மூடி அப்போது தானாகத் தெறித்து வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பினால் மூடியோடு கேட்பார்கள்.

இரண்டு குச்சி ரேம் என்றால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். முதலாவதிலும் இரண்டாவதிலும் போட்டால் ஒரே சேனலுக்குள் போய்விடும்.

பிராசஸரோடு வரும் கூலரை விட்டுவிடுங்கள், அது 65 வாட்டுக்கானது. ஒற்றை 120 மிமீ விசிறி டவர் கூலர் போதும். உயரம் பெரும்பாலும் 155 மிமீ-ஐ ஒட்டி வரும், கேபினட் எவ்வளவு உயரக் கூலரை ஏற்கும் என்று அதன் அளவுத்தாளில் பாருங்கள். அடிப்பகுதியில் ஒட்டிய பாதுகாப்பு ஃபிலிமை உரித்தீர்களா என்று இருமுறை பாருங்கள். ஃபிலிமோடு மாட்டினால் பயாஸ் திரையிலேயே 90 டிகிரி காட்டும். தெர்மல் பேஸ்ட் நடுவில் பட்டாணி அளவு. நாலு திருகையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

இப்போது கேபினட். போர்டு உட்காரும் பித்தளைக் கால்களை எண்ணுங்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 x 244 மிமீ, ஏடிஎக்ஸ் 305 x 244. ஏடிஎக்ஸுக்காக ஏற்கெனவே மாட்டியிருக்கும் கால் ஒன்று உங்கள் போர்டின் ஓட்டை இல்லாத இடத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பின்பக்க சாலிடரைத் தொட்டு ஷார்ட் ஆகும். அதைக் கழற்றிவிட்டுத்தான் போர்டை இறக்க வேண்டும். பின்பக்கத் தகடு போர்டோடு ஒட்டியே வராத மாடல் என்றால் அதை முதலில் கேபினட்டில் அழுத்துங்கள். எல்லாம் முடிந்தபின் மேசையில் தகடு தனியாகச் சிரிப்பது இந்தத் தொழிலின் நிரந்தர நகைச்சுவை.

ஒயர்: 24 பின், பிராசஸருக்கு மேலே மூலையில் 8 பின், கார்டுக்குத் தனி. மூலையில் உள்ள அந்த 8 பின்னை மறந்தால் விசிறி எல்லாம் சுற்றும், டிஸ்பிளே வராது. கூலரை மாட்டிக் கேபினட்டுக்குள் இறக்கியபின் அங்கே விரல் நுழையாது, ஒயரை முன்பே கேபினட்டின் அந்த மூலை ஓட்டை வழியாக இழுத்து வையுங்கள். கார்டில் 16 பின் சாக்கெட் இருந்தால் இடைவெளி இல்லாமல் முழுதும் உள்ளே போக வேண்டும், ஒயரின் முதல் 35 மிமீ-ஐ வளைக்கக் கூடாது. அரைகுறையாக நின்றால் சூடாகி உருகுவது அந்த இடம்தான். முன்பக்க யுஎஸ்பியின் 19 பின் நீலச் செருகியை நேராக இறக்குங்கள், கோணலாக அழுத்தினால் போர்டின் பின் படுத்துவிடும்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரை இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு கலக்கவே கூடாது. போர்டு பக்கம் தரப்படுத்தப்பட்டது, எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும். ஹார்டு டிஸ்குகள் ஒரு நொடியில் போய்விடும்.

#11 வெண்பா64

முதல் தடவை ஆன் செய்து ஒன்றுமே வரவில்லை என்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

#12 நீலத்திரை

முதல்ல கேபிள் கார்டுலதான் இருக்கா, போர்டுலயான்னு பாருங்க. பாதிப் பேருக்கு இங்கயே முடிஞ்சுடும்.

அப்புறம் அவசரப்படாதீங்க. டிடிஆர்5 முதல் தடவை மெமரி டிரெயினிங் (ரேமுக்கு ஏத்த அமைப்பைத் தேடறது) பண்ணும், குறிப்பா ஏஎம்5-ல சில நிமிஷம் கறுப்புத் திரைதான். அதுக்குள்ள ஆஃப் பண்ணினா மறுபடி முதல்ல இருந்து. பத்து நிமிஷம் கொடுங்க.

போர்டு ஓரத்துல நாலு சின்ன எல்இடி இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எது எரிஞ்சு நிக்குதோ அங்க தேடணும். டிராம்ல நின்னா எல்லாத்தையும் கழட்டி ஒரு குச்சியை ரெண்டாவது ஸ்லாட்ல மட்டும் போட்டுப் பாருங்க. சிபியுல நின்னா மூலை 8 பின், அதுவும் சரின்னா பயாஸ் பழசா இருக்கலாம். 12-ஆம் தலைமுறை காலத்துல வந்த 600 வரிசை போர்டு 14-ஐ அடையாளம் காணாது. பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தா பிராசஸர் இல்லாமலே ஏத்தலாம்: ஃபேட்32 பென்டிரைவ், மேனுவல் சொல்ற பேர்ல ஃபைல், குறிச்ச யுஎஸ்பி போர்ட். பூட்ல நின்னா நல்ல செய்தி, விண்டோஸ் இல்லைங்குது அவ்வளவுதான்.

விண்டோஸ் போடறப்போ ஒரே ஒரு எஸ்எஸ்டி மட்டும் மாட்டியிருங்க. ரெண்டு இருந்தா பூட் பார்டிஷன் மத்ததுல போய் உட்காரும், பின்னாடி அதைக் கழட்டினா மெஷின் எழுந்திருக்காது. இன்ஸ்டால் பண்றப்போ எஸ்எஸ்டியே காட்டலைன்னா பயாஸ்ல விஎம்டியை (இன்டெல்லோட ஸ்டோரேஜ் வசதி) அணைங்க. லேன் டிரைவரை முன்னாடியே பென்டிரைவ்ல வெச்சுக்குங்க, விண்டோஸ் 11 பாதில இன்டர்நெட் கேட்டு நிக்கும்.

எல்லாம் ஓடினப்புறம் பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற அமைப்பு) ஆன் பண்ணுங்க. இல்லைன்னா 6000 ரேம் 4800-லயே ஓடும். ஆன் பண்ணின ராத்திரி ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 நாலு சுத்து, ஒரு பிழை வந்தாலும் வேகத்தை 5600-க்கு இறக்கிட்டு மறுபடி.

#13 திருகாணி

பிராண்டட் வாங்குபவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள், அதனால் இரண்டு வரி. பெட்டி வந்ததும் ஆன் செய்யாதீர்கள். பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், கார்டு ஆடாமல் இருக்க உள்ளே நுரைப்பொதி வைத்திருப்பார்கள்; அதோடு ஓட்டினால் விசிறி நின்றுவிடும். வழியில் குலுங்கியதில் கார்டு ஸ்லாட்டிலிருந்து எழும்பியிருக்கிறதா, ரேம் வேகம் பட்டியலில் சொன்னபடியா, குச்சி எத்தனை என்று பாருங்கள். திருப்பித் தரும் கெடுவுக்குள் ஒரு மணி நேர ரெண்டர் ஓட்டி வெப்பத்தைக் கவனியுங்கள். அதோடு வரும் விண்டோஸ் அந்தப் போர்டோடு கட்டப்பட்டது. போர்டை மாற்றினால் லைசென்ஸ் உடன் வராது. தனியாக வாங்கும் ரீடெயில் லைசென்ஸை அடுத்த மெஷினுக்குக் கொண்டுபோகலாம்.

#14 வெண்பா64

முடிவு: 14500, பி760, 32 x 2, 5060 டிஐ 16 ஜிபி, 1 டிபி + 2 டிபி, 650 வாட், டவர் கூலர். எல்லாம் ஒரே கடையில், பில் பாகவாரியாக. கோர்ப்பது நான்.

#15 எட்டுபின்

நல்ல பட்டியல். போர்டு பெயரை இன்னும் எழுதவில்லை. பி760-இல் டிடிஆர்4 மாடலும் டிடிஆர்5 மாடலும் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இருக்கின்றன. பெயரின் கடைசியில் "டி4" என்று இருந்தால் உங்கள் ரேம் ஸ்லாட்டில் ஏறாது. பணம் கட்டுவதற்கு முன் முழுப் பெயரை இங்கே ஒட்டுங்கள்.